மொட்டுக்காக யார் "தாக் அப்பா" சொல்வது?

எங்கள் கிளையின் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். போன மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் கொல்லாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கையைத் தூக்கினான். "அண்ணா, தெரியாம மிதிச்சிட்டா பாவமா?"

அவன் எறும்பைப் பற்றிக் கேட்டான். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். ஏழெட்டு வருஷமாக அதையே சொல்லி வருகிறேன். தெரிந்து செய்வதுதான் பாவம், தெரியாமல் நடந்ததற்கு மனம் வருந்தினால் போதும், இறைவன் மன்னிப்பான். அன்றைக்கு அந்தப் பதில் வாய்வரை வந்து நின்றுவிட்டது. "அடுத்த வாரம் சொல்றேன்டா" என்று மழுப்பிவிட்டுத் தேவாரத்துக்குப் போய்விட்டேன்.

காரணம், இரண்டு வாரத்துக்கு முன்னால் நானே ஒன்றை மிதித்திருந்தேன். எறும்பு இல்லை. ஒரு பூமொட்டு.

ஈப்போவிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் கோப்பெங். அங்கிருந்து மலைப்பக்கம் திரும்பி உள்ளே போனால் உலு கெரோ என்ற செமாய் பூர்வக்குடிக் கம்பம் வரும். அந்தக் காட்டில் ரஃப்லேசியா பூக்கிறது. எங்கள் கிளையிலிருந்து பதினொரு பேர் அதைப் பார்க்கக் கிளம்பினோம். கோயில் வேலை, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்று ஓய்ந்து போயிருந்தோம். "எங்கேயாவது பூப் பார்க்கப் போகலாமே" என்று ஒரு தங்கைதான் ஆரம்பித்து வைத்தாள். ஜப்பானுக்கு செர்ரிப் பூப் பார்க்கப் போக யாரிடமும் பணம் இல்லை. கோப்பெங்குக்குப் போக இரண்டு வேன் போதும்.

நம் நாட்டில் வசந்தகாலம் என்று ஒன்று கிடையாது. பாட்டில் கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான். தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால் மட்டும் வேறு மாதிரி சொல்வார்கள். என் பாட்டி கம்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில் ரப்பர் மரம் எல்லாம் சிவந்து இலை கொட்டும், நிரை முழுக்க காலடியில் சரசரவென்று இருக்கும், பால் குறையும், கையில் காசும் குறையும் என்பார். அப்புறம் செம்புநிறத்தில் தளிர் வரும். அதோடு சின்னச் சின்ன மஞ்சள் பூ. ரப்பர் பூவை யாரும் பூவாகக் கணக்கில் எடுப்பதில்லை, தலையில் வைப்பதுமில்லை. ஆனால் விடியற்காலையில் நிரையில் நுழையும்போது அந்த வாசனை முகத்தில் அடிக்குமாம். "அதான் எங்களுக்கு வசந்தம். அந்த மாசந்தான் கடன் வாங்குவோம்" என்று சிரிப்பார். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. செம்பனைக்கு இலையுதிர்காலம் இல்லை.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே நாலு பாக்கெட் வாங்கிக்கொண்டு, கோப்பெங்கில் பசியாறிவிட்டு, எட்டரை மணிக்கு மலையேறினோம். எங்களை அழைத்துப் போனவர் செமாய்க்காரர், நாற்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை "அபாங்" என்று கூப்பிட்டோம். காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் பாராங். மழை பெய்து பாதை வழுக்கியது. அட்டை கடித்ததற்கெல்லாம் "முருகா" என்று கத்திய எங்கள் ஆட்களைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. நின்று நின்று காத்திருந்தார்.

ஒன்றரை மணி நேரம் நடந்தபிறகு ஒரு சரிவில் அதைக் கண்டோம்.

பத்து வெள்ளி நோட்டு கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். அதில் இருக்கும் பூ இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். நோட்டில் இருப்பது நம் பேராக்கின் பெலும் காட்டில் கண்டெடுத்த வகை. 2003-இல் அதற்குச் சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரை வைத்தார்கள். கோப்பெங்கில் பூப்பது அதற்கு நெருங்கிய சொந்தமான இன்னொரு வகை. பூக்கடையில் இந்த நோட்டை நீட்டி மல்லிகை வாங்கியிருக்கிறேன், எத்தனையோ தடவை. அதில் ஒரு பூ இருக்கிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

நேரில் பார்த்தால் ஒரு முழம் அகலம். செங்கல் நிறத்தில் ஐந்து தடித்த இதழ், மேலே வெளிர் நிறத் தேமல். நடுவில் ஒரு குழி, குழிக்குள் முள்முள்ளாக ஒரு தட்டு. இந்தச் செடிக்கு இலை இல்லை, தண்டு இல்லை, வேரும் இல்லை. காட்டில் படரும் ஒரு கொடியின் உடம்புக்குள்ளேயே நூல் நூலாக வாழ்கிறது. திராட்சைக் குடும்பத்துக் கொடி அது. நம் வீட்டில் துவையல் அரைக்கும் பிரண்டையும் அதே குடும்பந்தான். அந்தக் கொடியின் தோலைப் பிளந்துகொண்டு ஒருநாள் ஒரு குமிழ் எட்டிப் பார்க்கும். அது வளர்ந்து முட்டைக்கோஸ் அளவுக்கு வந்து மலர ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும். விரிந்த பிறகு அதிகம் போனால் ஒரு வாரம். பிறகு கறுத்து அழுகிவிடும். மொட்டுகளில் பாதிக்கு மேல் விரியாமலே அழுகிப் போவதும் உண்டு. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் பக்கத்தில், ஒரே வாரத்தில் பூத்திருந்தால்தான் காரியம் ஆகும். அழுகின இறைச்சி வாடை அடிப்பதே அதற்காகத்தான். ஈ வந்து குழிக்குள் நுழைந்து, முதுகில் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பூவைத் தேடிப் போக வேண்டும்.

எங்கள் ஆட்கள் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், "இத சாமிக்கு வைக்க முடியாதே லா" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தோம். அதிலிருந்து ஒரு விவாதம் கிளம்பியது. வாடை அடிக்கிற பூ பூஜைக்கு ஆகாது, சரி. அப்படியானால் இதைப் படைத்தது எதற்கு? ஒருத்தி சொன்னாள்: "நாம் கொண்டு போய் வைக்கணும்னு என்ன இருக்கு? அது ஏற்கெனவே வச்ச எடத்துலதான் இருக்கு." நல்ல பதில். நான் அதைக் கேட்டுக்கொண்டே எல்லோரையும் பூவோடு சேர்த்துப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்தேன். பதினொரு பேரும் வர வேண்டும், பூவும் வர வேண்டும். இன்னும் ஓர் அடி. இன்னும் ஓர் அடி. அபாங் போட்டிருந்த கயிற்றைத் தாண்டிவிட்டேன்.

குதிங்காலுக்கு அடியில் ஏதோ நசுங்கியது. காய்கறி நசுங்குகிற சத்தம்.

எலுமிச்சம்பழ அளவு மொட்டு. காய்ந்த இலைக்கு அடியில் இருந்தது. ஒருபக்கம் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சுற்றுமுற்றும் பார்த்தேன். செருப்பு முனையால் இலையைத் தள்ளி மூடினேன். அதன்பிறகு படத்தையும் எடுத்தேன்.

அபாங் பார்த்திருந்தார். மெதுவாக வந்து உட்கார்ந்து இலையை விலக்கினார். மொட்டைத் தொடவில்லை. அதன் பக்கத்தில் ஒரு சின்ன மூங்கில் குச்சி குத்தியிருந்தது. அதில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது, தேதி என்று நினைக்கிறேன். அந்தக் குச்சியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "தாக் அப்பா" என்றார். பரவாயில்லை.

மற்ற பத்துப் பேருக்கும் இது தெரியாது. இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

"தாக் அப்பா" என்பது நம் நாட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிற வார்த்தை. சில்லறை குறைந்தால் தாக் அப்பா, கார் கொஞ்சம் உரசினாலும் தாக் அப்பா. அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிடும். இந்த முறை ஆகவில்லை. வேனில் திரும்பி வரும்போது எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் அந்தக் குச்சியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் "பரவாயில்லை" என்றது தன் சார்பில். மொட்டின் சார்பில் சொல்ல அவர் யார்? நான் கேட்காமலே அவர் கொடுத்த மன்னிப்பு எனக்குச் சேருமா? மன்னிப்பு கேட்பதென்றால்தான் யாரிடம் கேட்பது? பூவுக்குக் காது இல்லை. இறைவனிடம் கேட்கலாம். கேட்டேன், கல்லுமலைக் கோயிலில் போய் நின்று கேட்டேன். ஆனால் அன்றைக்கு இறைவனிடம் போனது ஆள் மாறிப் போய் நின்ற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு நம் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டால் எப்படி இருக்கும்?

சமாதானம் தேடுவதில் மனிதனுக்கு ஈடு யாருமில்லை. அடுத்த சில நாளில் எனக்கே நான் மூன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதலாவது, வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டாவது, பாதி மொட்டு தானாகவே அழுகிவிடும், அது எப்படியும் விரிந்திருக்காது. மூன்றாவது கொஞ்சம் அசிங்கமானது. அந்தக் கம்பத்துக்காரர்களே முன்பு இந்த மொட்டைப் பறித்து இடைத்தரகர்களிடம் விற்றவர்கள்தானே என்று நினைத்தேன். அது உண்மைதான். பிள்ளை பெற்ற பெண்களுக்கு மருந்தென்று அதை வாங்க ஆள் இருந்தது. மலையில் வேறு வருமானம் குறைவு. பிறகுதான் மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு அவர்களே ஒரு சங்கம் அமைத்து, பறித்து விற்பதை விட்டுவிட்டு, வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிற வேலைக்கு மாறினார்கள். விற்றால் கையில் உடனே காசு. வழிகாட்டுவதென்றால் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் நான் மிதித்தேன். ஆக மூன்றாவது சமாதானம் திரும்பி என்மேலேயே விழுந்தது.

இரண்டாவதும் நிற்காது. பாதி அழுகும் என்றால் பாதி விரியும். அது எந்தப் பாதி என்று தீர்மானித்தது என் குதிங்கால்.

முதலாவதுதான் கடினமானது. அந்தப் பையன் கேட்டதும் அதைத்தான்.

நம் பிள்ளைகளுக்கு மனுநீதிச் சோழன் கதையை நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? ஆராய்ச்சி மணி, கன்றை இழந்த பசு, மகனையே தேர்க்காலில் இட்ட அரசன். நீதி தவறாத அரசன் என்று முடித்துவிடுவோம். பெரியபுராணத்தில் அந்தக் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். இளவரசன் கன்றைப் பார்க்கவே இல்லை. அதுதான் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. அமைச்சர்கள் சாத்திரப்படி பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த பதிலும் அந்த அமைச்சர்களுடைய பதில்தான். அரசன் அதை ஏற்கவில்லை. அவன் முன்னால் இருந்தது சாத்திரம் இல்லை, கன்று இல்லாமல் நிற்கிற ஒரு பசு. "என் மகன் வேண்டுமென்று செய்யவில்லை" என்ற பேச்சு பசுவுக்கு எந்த வகையில் ஆகும்?

மகனைக் கொன்றது சரி என்று நான் சொல்லவரவில்லை. இறைவனே வந்து எல்லோரையும் எழுப்ப வேண்டியிருந்தது. அப்படி எழுப்பாமல் அந்தக் கதையை முடிக்க அந்தக் காலத்தவருக்கும் மனசு வரவில்லை போலும்.

அதே திருவாரூரில் இன்னொரு கதை. பூவைப் பற்றியது. சொல்லவே கூச்சமாக இருக்கும். கழற்சிங்க நாயனார் என்ற பல்லவ அரசர் தம் தேவியோடு கோயிலுக்கு வருகிறார். பூ கட்டும் மண்டபத்தின் பக்கம் விழுந்து கிடந்த ஒரு பூவைத் தேவி எடுத்து முகர்ந்துவிடுகிறாள். செருத்துணை நாயனார் ஓடிவந்து அவள் மூக்கை அறுக்கிறார். அரசர் வந்து கேட்டுவிட்டு, பூவை முதலில் எடுத்தது கைதானே என்று கையை வெட்டுகிறார். இன்றைக்கு இதைக் கேட்கிற எந்தப் பெண்ணும் முகம் சுளிப்பாள். சுளிக்க வேண்டும். எனக்கும் பிடிக்காத கதை. ஆனால் அரசர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை: முதலில் எது போனது?

என் விஷயத்தில் கால் போவதற்கு முன்னால் போனது கை. கைபேசி பிடித்த கை. கைக்கும் முன்னால் போனது ஆசை. பூவைப் பார்க்கிற ஆசை இல்லை, அதைப் பார்த்துவிட்டிருந்தேன். பார்த்ததாகக் காட்டுகிற ஆசை. கயிறு போட்டிருந்தது எனக்குத் தெரியும். தாண்டியதும் தெரியும். மொட்டு இருந்தது மட்டும்தான் தெரியாது. அப்படியானால் "தெரியாமல்" என்ற சொல்லை நான் எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

இது எனக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் லேக் எல்சினோர் என்று ஒரு சின்ன ஊர். 2019-இல் நல்ல மழை பெய்து, அங்கே வாக்கர் பள்ளத்தாக்கு முழுக்க ஆரஞ்சு நிறக் காட்டுப்பூ பூத்தது. படங்களைப் பார்த்து வார இறுதியில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். பாதையை விட்டு இறங்கி, பூவுக்கு நடுவே படுத்துப் படம் எடுத்தார்கள். போக்குவரத்து நின்று, ஊரே திணறி, கடைசியில் நகர நிர்வாகம் பள்ளத்தாக்கை மூடியது. 2023-இல் மறுபடி பூத்தபோது ஆரம்பத்திலேயே யாரையும் உள்ளே விடவில்லை. அந்த ஆயிரக்கணக்கான பேரில் பூவை வெறுத்தவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி என்று பெருமைப்படுகிற இனத்தில் பிறந்த நான் ஒரு செருப்பளவு இடம் கொடுக்கவில்லை, அதைச் சொன்னால் போதும்.

எங்கள் கிளைச் செயலாளர் அண்ணனிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப யோசிக்கிற தம்பி" என்றார். "நம்ம பாட்டன் பூட்டன் மலைமலையா காட்ட வெட்டித்தான் ரப்பர் வச்சாங்க. எத்தன பூ போயிருக்கும்? அதுக்கெல்லாம் யாரு போயி மன்னிப்புக் கேட்டா?"

அவர் சும்மா சொன்னது. எனக்கு அது தலைக்குள் உட்கார்ந்துவிட்டது. 1877-இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்று நட்டார்கள், அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இந்த மாநிலத்தில் தோட்டம் வந்த இடமெல்லாம் அதற்குமுன் காடு. முதலில் எது போனது என்று இங்கே கேட்டால் எனக்குத் தடுமாறுகிறது. கோடாரி பிடித்தது நம் ஆட்களின் கை. ஆசை வேறொருவருடையது, லண்டனில் உட்கார்ந்து பங்கு வாங்கினவருடையது. கப்பல் கூலிக் கடனைக் கழிக்கப் பெரட்டுக் களத்தில் நின்றவனிடம் போய் "நீ ஏன் வெட்டினாய்" என்று கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் நான் கப்பலில் வந்தவன் இல்லை. விடுமுறை நாளில், பசியாறிவிட்டு, சொந்தச் செருப்போடு போனவன். பாட்டனின் கணக்கைக் காட்டி என் கணக்கை மூட முடியாது.

பாட்டியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன். அவருக்கு எண்பத்து மூன்று வயது. தினமும் காலையில் வாசலில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பறித்து சாமிக்கு வைப்பவர். அவரிடம் நிறைய சட்டம் உண்டு. பொழுது சாய்ந்தால் செடியைத் தொடக் கூடாது. மொட்டைப் பறிக்கக் கூடாது. செடிக்கென்று இரண்டு பூ விட்டுவிட்டு வர வேண்டும். ஒருநாள் சாயங்காலம் கோப்பி கொடுத்துவிட்டுச் சொன்னேன். இலையைத் தள்ளி மூடியதையும் சொன்னேன்.

அவர் பூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பையன் வீட்ல அத நம்பி எத்தன பேரு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. "அவன் பேரு என்னா?" என்றார். அதுவும் தெரியவில்லை. மூன்று மணி நேரம் எங்களைக் காட்டில் பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவரின் பெயரைப் பதினொரு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் முகநூலில் போட்ட படத்தில் பதினொரு பெயர் இருந்தது.

இந்தப் பூவின் கதையே அப்படித்தான். 1818-இல் சுமத்ராவில் ராஃபிள்ஸோடு போன மருத்துவர் ஜோசஃப் ஆர்னால்ட் இதைப் பார்த்தார். அதனால் பூவுக்கு ராஃபிள்ஸ் பெயர், அங்கே பார்த்த வகைக்கு ஆர்னால்ட் பெயர். ஆனால் முதலில் பார்த்தது ஆர்னால்ட் இல்லை. கூட வந்த ஒரு மலாய்க்காரப் பணியாள் ஓடிவந்து சொல்லித்தான் அவர் போய்ப் பார்த்தார். அதை ஆர்னால்டே கடிதத்தில் எழுதியிருக்கிறார். பணியாளின் பெயரை எழுதவில்லை.

பாட்டி கொஞ்ச நேரம் கழித்து வேறு ஏதோ பேசுவதுபோல ஆரம்பித்தார். பால் வெட்டும்போது கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம் பட்டுவிடும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தோல் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பால் நன்றாகவே வரும், சில சமயம் கூடவே வரும். ஆனால் அந்த இடம் பிறகு முடிச்சு முடிச்சாக வீங்கிவிடும். சில வருஷம் கழித்துப் புதுப்பட்டையில் மறுபடி வெட்டப் போகும்போது அங்கே கத்தி ஓடாது. அதற்குள் நிரை கை மாறியிருக்கும். வேறொருத்தி வந்து நின்று, "எந்தப் பாவி வெட்டினானோ" என்று திட்டுவாள்.

"நானும் காயம் போட்டிருக்கேன்" என்றார். "ஒங்க அப்பா வயித்துல இருந்தான். தல சுத்தும். வேணும்னா செஞ்சேன்? மண்டோர் வந்து பாத்துட்டு அர நாள் சம்பளம் புடிச்சான். அது கெடக்கட்டும். வேணும்னு வெட்டுனதா, தவறி வெட்டுனதான்னு மரத்துக்குத் தெரியாதுய்யா. நமக்குத்தான் தெரியும். அதனால நாமதான் மண்ணு பூசணும்."

காயத்தில் மண் அப்பி வைப்பார்களாம், வண்டு ஏறாமல் இருக்க. மண்டோர் சொல்லித் தரவில்லை, இவர்களே செய்துகொண்டது. அது மரத்துக்கு உண்மையிலேயே உதவியதா என்று எனக்குச் சந்தேகம். பாட்டிக்கு அப்படி ஒரு சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் மட்டும் உலு கெரோவுக்குப் போனேன். அபாங் வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மொட்டை மிதித்தவன் என்று சொன்னேன். "ஓ" என்று சிரித்தார். பெயரைக் கேட்டேன், சொன்னார். இங்கே எழுதவில்லை. பத்திரிகையில் வரலாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

அந்த மொட்டு விரிந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். விரிந்தால் ஐந்தாறு நாள். வார இறுதியும் சேர்ந்து வந்தால் நாலைந்து கூட்டம். மழை பெய்தால் ஒன்றுமில்லை. நான் கொண்டுபோன பணத்தை நீட்டினேன். அவர் மறுப்பார், நான் வற்புறுத்துவேன், கண் கலங்கும் என்றெல்லாம் வழியில் கற்பனை செய்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. வாங்கி எண்ணிப் பார்த்து, சங்கக் கணக்கில் சேர்க்கிறேன் என்று உள்ளே கொடுத்தனுப்பினார். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவை பதினொரு பேரைக் கூட்டி வராதே. நாலு பேர், மிஞ்சினால் ஐந்து. படம் எடுக்கிறவன் முன்னால் நிற்கட்டும், பின்னால் நகரக் கூடாது."

முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். காசு கொடுத்து வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்றார்.

அந்த "தாக் அப்பா"வுக்கு அன்றைக்குத்தான் எனக்கு முழு அர்த்தம் கிடைத்தது. அதில் பாதி மன்னிப்பு. மீதிப் பாதி, வாடிக்கையாளரிடம் கோபப்பட முடியாதவனுடைய சொல். மண்டோரிடம் பாட்டி சொல்லியிருக்கக்கூடிய சொல்.

மொட்டிடம் நான் இன்னும் ஒன்றும் தீர்த்துவிடவில்லை. அதற்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தக் கொடியில் வேறு மூன்று குமிழ் வந்திருக்கிறது என்று அபாங் சொன்னார். அது இதற்கு ஈடு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பசுவிடம் போய் "அடுத்த வருஷம் இன்னொரு கன்று பிறக்கும்" என்று சொல்வது மாதிரி அது.

மறுநாள் ஞாயிறு வகுப்பில் பையனைக் கூப்பிட்டு, நான் முன்பு சொல்லிவந்த பதில் பாதிதான் என்று சொன்னேன். நடந்ததை அப்படியே சொன்னேன், இலையைத் தள்ளி மூடியது வரைக்கும். பிள்ளைகள் பாவம் புண்ணியத்தைப் பற்றி அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அட்டை கடித்தால் வலிக்குமா, பூ எவ்வளவு நாறும், நாங்களும் வரலாமா என்று பிடித்துக்கொண்டார்கள்.

வரும் மாதங்களில் ஏதாவது ஒரு மொட்டு விரிந்தால் அபாங் சேதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து ஐந்து பேராகத்தான் போகிறோம், மூடிய காலணி போட்டுக்கொண்டு. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கிளையில் கொடுக்கலாம். நான் வேன் ஓட்டுகிறேன். மேலே ஏறப்போவதில்லை, கம்பத்திலேயே இருந்துகொள்வேன்.